லெந்துக்கு விட்ட மாத்திரை

ஜனவரி 7
இன்றும் நான் திறக்கவேண்டிய ஜவுளிக்கடையை என் வீட்டுக்காரர் விஜய்ராஜ்தான் திறந்தார். பிறகு என்னைத் தேனிக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா மகாலட்சுமி படம் வரைந்து காட்டினார். "ரெண்டு நரம்புக்கு நடுவுல செரட்டோனின்னு ஒரு ரசாயனம் வரும். நரம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைக் குறைக்கும்."

"எனக்கு அது கம்மியா?"

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. எப்படிக் குணமாகுதுன்னு முழுசாத் தெரியல. ஆனா நிறையப் பேருக்குக் கேக்குது."

தெரியாததை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்! சாகத் தோன்றுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லாததை.

ஜனவரி 12
குமட்டல். வாய் காய்கிறது. மனசு மட்டும் இருந்த இடத்திலேயே. பிரமாதமான வைத்தியம்! "நல்லது தெரிய நாலஞ்சு வாரம் ஆகும்னாகள்ல?" என்கிறார் இவர். சேலை மடிக்கத் தெரியாத மனுஷன் எனக்கு நரம்புப் பாடம் எடுக்கிறார்.

பிப்ரவரி 18
கடைக்குப் போனேன். ஒருத்தி அலமாரிச் சேலை முழுக்கப் பிரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போனாள். மனசுக்குள் ஆசைதீரத் திட்டினேன். திட்டத் தெம்பு வந்திருக்கிறது.

மார்ச் 4
நாளை சாம்பல் புதன். ஈஸ்டர் வரைக்குமான நோன்பு, லெந்து நாட்களுக்கு இவர் கறியை விடுகிறார், மகள் மகிமா சாக்லேட்டை. மாமியார் என்னிடம், "நீ அந்த மாத்திரைய விடு ஆத்தா. கர்த்தருக்குன்னு விடு" என்றார்.

"நீங்க பிரஷர் மாத்திரைய விடுறீகளா அத்தை?"

"அது உடம்புக்குல்ல!"

தலை உடம்பில் சேர்த்தியில்லை போல. ஆனாலும், நன்றாகத்தானே இருக்கிறேன்? காய்ச்சல் விட்டபிறகு யார் மாத்திரை போடுகிறார்கள்? சரி, விடுகிறேன்.

மார்ச் 9
தலைக்குள் சுரீர் சுரீரென்று ஷாக். திரும்பினால் கிறுகிறுப்பு. பேனா கேட்ட மகிமாவை அறைஞ்சிட்டேன். ஜெபக்கூட்டத்து அன்னத்தாய் அக்கா, "கெட்டது வெளிய போகுது, தாங்கிக்க" என்கிறாள். அவ மூஞ்சி.

மார்ச் 27
அந்த நினைப்பு திரும்ப வந்துருச்சு. மொட்டைமாடியிலேயே நின்னேன். மகிமா வந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு நானே ஃபோன் போட்டேன். "உடனே கிளம்பி வாங்க, தனியா வராதீங்க. இது போதை மாத்திரை இல்ல, ஆனா சட்டுனு நிறுத்தக் கூடாது. நல்லானப்புறமும் பல மாசம் போடணும், பிறகு மெல்லக் குறைக்கணும்." முதல் நாளே சொன்னதுதான். காதில் வாங்காத முண்டம் நான். காய்ச்சல் மாத்திரையாம்!

ஏப்ரல் 20
ஈஸ்டர். மாத்திரையைத் திரும்பத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கோயிலுக்குப் போகவில்லை. எழுந்து குளித்தேன், அதுவே இன்றைக்குப் போதும்.

மே 14
அடுப்படியில் மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏ ஜெஸ்லின்... ஒங்க மாமா போனதுல இருந்து எனக்குச் சோறு மண்ணாத்தான் இருக்கு. விடிஞ்சா ஏன்டா விடிஞ்சுச்சுன்னு இருக்கு. அந்த டாக்டரம்மாகிட்ட எனக்கும் ஒரு டோக்கன் சொல்றியா? விஜய்ராஜுக்குத் தெரிய வேணாம்."

மாமா இறந்து எத்தனை வருஷம்! அத்தனை நாளும் இதுவும் இந்த வீட்டுக்குள்ளேயா இருந்திருக்கிறது? நாக்கு நுனியில் குத்திக்காட்ட நல்ல நல்ல பதிலாக வரிசைகட்டி நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"வெள்ளிக்கிழமை போவோம் அத்தை. கூட்டம் இருக்காது" என்றேன்.