குழாயை அடைத்தவளுக்கு

இன்று காலை என் மேசைமேல் விளிம்பு உடைந்த ஒரு பச்சை வாளியைக் கொண்டுவந்து வைத்தார் ஹாஸ்டல் ஆயா. விளிம்பில் ரத்தம் ஒட்டியிருந்தது. பின்னாலேயே இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருத்திக்கு உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மற்றவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"சோப்புல வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்" என்றாள் உதடு கிழிந்தவள்.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளை நோக்கிக் கையை ஓங்கிவிட்டேன். வார்டனாகி ஆறு வருடத்தில் ஒரு பிள்ளையையும் தொட்டவள் இல்லை நான். ஓங்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் பக்கத்துச் சுவரிலிருந்த ஃபேன் சுவிட்சைப் போட்டேன். ஒருத்தியை மருந்து போட அனுப்பினேன், மற்றவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

நாகர்கோவிலைச் சுற்றி எங்கு திரும்பினாலும் குளம். வருடத்துக்கு இரண்டு மழை. ஆனாலும் நாம் படித்த காலத்தில் நம் ஹாஸ்டலில் காலை ஏழு மணிக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இருக்காது. வானத்தைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் நாம் செய்த வேலைதான். சாயங்காலமே இடம்பிடிக்க வாளியைக் கொண்டுபோய் வைத்து, காய்ந்து கிடக்கும் குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடுவோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வாட்ச்மேன் மோட்டார் போட்டால் வாளி தானாக நிறையும், நாம் ஆறரைக்கு எழுந்தால் போதும். வாளி நிறையப் பத்து நிமிடம்கூட ஆகாது. மிச்ச நேரமெல்லாம் இருபது குழாயும் சாக்கடைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்.

டேங்க் காலியானதும் ரகளை தொடங்கும். பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதியிருக்கிறார்கள். ஒருத்தி நிறைத்து வைத்த வாளியை இன்னொருத்தி உதைத்துக் கவிழ்ப்பாள். ஒருநாள் இரண்டாம் மாடியிலிருந்து வாளியே பறந்து விழுந்தது. இதிலெல்லாம் முதல் ஆள் நான்தான். என் நகம் பட்ட தழும்பு நாலைந்து பேருக்காவது இருக்கும்.

நீ ஒருத்திதான் அந்தச் சண்டைக்கு வரமாட்டாய். கீரிப்பாறை எஸ்டேட்டில் உன் அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர். மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. நம் மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயில், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவதுபோல, ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டாய்.

"ஏட்டி, இதயும் உறைய வச்சு ரப்பர் ஷீட்டு அடிப்பியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் சேர்த்து நம் அறையைத் துடைத்தாய். குளிக்க உனக்கு ஒரு வாளி, அவ்வளவுதான். துணி அலசிய தண்ணீரைக் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போவாய். நான் பல் தேய்க்கும்போது எட்டி என் குழாயைத் திருகி அடைப்பாய்.

"வெள்ளம் சும்மா போகுதுட்டி. ஒரு கை சும்மாதானே கெடக்கு, அத வச்சு அடச்சா என்ன?"

எரிச்சலாக இருக்கும். உண்மையைச் சொன்னால், நீ நல்லவளாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

அன்றைக்கு எனக்குப் பிராக்டிகல் பரீட்சை. ஏழு மணிக்குத் துண்டும் செம்புமாக ஓடினால் என் வாளி காய்ந்து கிடக்கிறது. வரிசையில் இருந்த எல்லா வாளியும் அப்படித்தான். நீ மட்டும் குளித்த ஈரத் தலையோடு நிற்கிறாய்.

"எவட்டி என் பைப்ப அடச்சது?"

"நாந்தான். நேத்தே எல்லாத்தயும் அடச்சேன். நீ ஒண்ணு திறந்து..."

நீ முடிக்கவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் செம்பால் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாவது அடி இடது புருவத்தில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீ என்னைத் திருப்பி அடிக்கவில்லை. குழாயடியில் குந்தி உட்கார்ந்து, "பைப்பத் திற மக்கா, கண்ணு தெரியல்ல" என்றாய்.

திறந்தேன். தண்ணீர் கொட்டியது. ஏழு மணிக்கு அங்கே அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்து நான் கண்டதில்லை. மேலே டேங்க் நிறைந்து கிடந்திருக்கிறது. அடிப்பதற்கு முன்னால் குழாயை ஒரு திருகு திருகிப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நீ மிச்சம் பிடித்த தண்ணீரில் உன் ரத்தத்தைக் கழுவினேன்.

அப்போதிருந்த வார்டன் கேட்டபோது சோப்பில் வழுக்கியதாகச் சொன்னாய். நான்கு தையல். நான் காலில் விழாத குறையாக அழுதபோது, "விடுட்டி, பரீட்சைக்குப் போ" என்றாய். அடுத்த நாளிலிருந்து எல்லோரும் குழாயை அடைக்கத் தொடங்கினார்கள். தண்ணீர்மேல் வந்த அக்கறை இல்லை அது. தரையில் ரத்தம் பார்த்த பயம். ஊருக்கு எழுதிய கடிதத்திலும் நீ வழுக்கி விழுந்த கதையைத்தான் எழுதினாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் நீ என் தோழியாகவே இருந்தாய்.

போன வருடம் மார்த்தாண்டத்தில் உன் ஸ்கூட்டர்மேல் லாரி ஏறியது. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அங்க அடையாளம் கேட்டார்.

"எடது புருவத்துல ஒரு வெட்டு உண்டு சார்" என்றார் அம்மா. "காலேஜ் ஹாஸ்டல்ல சோப்புல வழுக்கி விழுந்தது."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். முகத்தில் வேறு எதையும் சொல்லும்படி லாரி விட்டுவைக்கவில்லை. நான் உன்மேல் போட்ட வெட்டை வைத்துத்தான் உன்னை உன் அம்மாவிடம் கொடுத்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது என் ஹாஸ்டலில் ராத்திரியில் குழாய் திறந்து கிடக்காது. ஒழுகும் இடத்தில் பாத்திரம் இருக்கும், அலசிய தண்ணீர் கக்கூஸுக்குப் போகும். பிள்ளைகள் என்னைக் கஞ்சப்பிசினாறி என்கிறார்கள், சொல்லட்டும். உன்னிடமிருந்து அதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. கைதான் இன்னும் என் பழைய கையாகவே இருக்கிறது என்று இன்று காலை தெரிந்துகொண்டேன்.

உன் அம்மா மாதம் ஒருமுறை எனக்கு ஃபோன் பண்ணுவார். சாப்பிட்டாயா என்று கேட்பார். வைப்பதற்கு முன்னால் தவறாமல் ஒன்று சொல்வார்: "ஹாஸ்டல்ல தரையெல்லாம் வழுக்கும் மக்கா. நீயாவது பாத்து நட."

ஞாயிற்றுக்கிழமை கீரிப்பாறை பஸ்ஸில் ஏறப்போகிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவர் அடித்தால் முகத்தைத் திருப்பமாட்டேன்.