பாதிக் கூலிக்கு ஒரு பாத்ரூம்

தி. நகர், சென்னை

அன்பு மகன் ஆனந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. நீயும் மதுமதியும் பேரன் அஸ்வத்தும் மெல்பர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்தச் செந்தூர் முருகன் துணை. இங்கே எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறி வருகிறது. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்கிறார். வீடியோவில் நீ பார்த்ததெல்லாம் அவர் திருப்பிக் காட்டிய பக்கம் மட்டும்தான், காட்டாத பக்கத்தை நான் எழுதுகிறேன். மாம்பலத்திலிருந்து ஒரு பெண் உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறாள், அவள் பெட்டியில் கருப்பட்டி மிட்டாயோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். மிட்டாயை அஸ்வத்துக்குக் கொடு, கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படி.

நம் வீட்டுக்கு ஒரே பாத்ரூம் என்பது உனக்குத் தெரியும். அதன் தரையில் இறங்குகிற தண்ணீர் கீழ்வீட்டு ஜமீலுன்னிசா டீச்சரின் கூடத்து மூலையில் போய்ச் சொட்டியது என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மண்டையில் குட்டிக் குட்டி உனக்கு அல்ஜீப்ரா ஏற்றிவிட்ட அதே டீச்சர்தான். திருவல்லிக்கேணிப் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயரான பிறகும் சாயங்காலம் அந்தக் கூடத்தில்தான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். மாடிப்படியில் உங்கப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், அண்ணாச்சி, மேலேருந்து தண்ணி வருதே என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். உங்கப்பா அது மழைத்தண்ணி என்றார். சித்திரை வெயிலிலும் மழைத்தண்ணி என்றே சொன்னார். டீச்சர் அதற்கு மேல் வாதாடவில்லை, மூலையில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெருநாள் அன்று வாழ்த்துச் சொல்லக் கீழே போனபோதுதான் அந்த வாளியைப் பார்த்தேன், சீலிங்கில் கருப்பாக ஒரு பெரிய தேசப்படமே விழுந்திருந்தது. அவர்கள் கொடுத்த சேமியா பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மேலே வந்து, இந்தத் தரையை உடைத்துச் சரிசெய்யாமல் இந்த வீட்டில் இனி அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டேன். உங்கப்பாவுக்கு என் கோபம் பயமில்லை, சோறு இல்லை என்றால் பயம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கதைக்குள் நீ வருகிறாய். அப்பா உனக்குப் போன் போட்டு ஆலோசனை கேட்டார். நீ அங்கிருந்து, நாலு பேர்கிட்ட ரேட் கேளுங்கப்பா, எவ்வளவு சொன்னாலும் பாதிக்குக் கேளுங்க, இல்லேன்னா ஏமாத்திருவாங்க என்று சொன்னாய். உங்கப்பாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லாத பாடம் அது, நீயும் சேர்ந்து சாம்பிராணி போட்டால் கேட்கவா வேண்டும். உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு ஒரு ஆள் வந்தான், வாசலில் வந்து பெல் அடித்ததற்கே தனியாகக் காசு என்று மதுமதி சொன்னாள். நீ வாயே திறக்கவில்லையாம். தேங்க் யூ சொல்லிவிட்டு கார்டைத் தேய்த்தாயாம். வெள்ளைக்காரக் குழாய்க்காரனிடம் ஊமையாக நிற்கிற பிள்ளைக்கு, நம் ஊர்க் கொத்தனார் என்றால் மட்டும் ஏழு கடல் தாண்டி வாய் நீளுகிறது. நான் பெற்ற பிள்ளைதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

வந்தவன் பெயர் பஞ்சாட்சரம், ராயப்பேட்டைப் பக்கம் குடியிருக்கிறான், குழாய் வேலை டைல்ஸ் வேலை இரண்டும் செய்வான். அவன் ஒரு கூலி சொன்னான், உங்கப்பா அதில் பாதியைச் சொன்னார். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, சரி சார், உங்களுக்காக ஒத்துக்கிறேன் என்றான். நம் கடையில் யாராவது பாதி விலைக்குச் சேலை கேட்டு, நாமும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தால் விவரமான பொம்பளை என்ன செய்வாள், எங்கே கிழிசல் என்று பிரித்துப் பார்ப்பாள். இத்தனை வருஷம் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனிதருக்கு அந்த விவரம் வரவில்லை. பாத்தியாட்டி எப்படி மடக்குனேன்னு என்று என்னிடம் வந்து மீசையைத் தடவினார். பஞ்சாட்சரம் வந்து தரையின் ஒரு பக்கத்தை உடைத்துப் போட்டான். உடைத்த பிறகு, பழைய குழாய் மொத்தமும் போச்சு, புதுக் குழாய் இந்த ரேட்டுல வராது என்றான். உடைத்துப் போட்ட ரப்பீஸை மூட்டை கட்டிக் கீழே இறக்குவது ரேட்டில் வராது, மணலை மாடிக்கு ஏற்றுவது ரேட்டில் வராது. பேசினது பேசினதுதான், ஒரு பைசா கூடத் தர மாட்டேன் என்பது உங்கப்பாவின் கொள்கை. காசு வராமல் காலை எடுத்து வைக்க மாட்டேன் என்பது அவன் கொள்கை. கொள்கை உள்ள இரண்டு பேருக்கு நடுவில் எனக்குக் குளிக்க இடமில்லாமல் போயிற்று.

எங்கே குளித்தோம் என்று கேள். ஜமீலுன்னிசா டீச்சர் வீட்டில். நாங்கள் கேட்கவில்லை, அவர்களே மேலே வந்து, அக்கா, கீழ வந்துருங்க, நம்ம வீடுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் உங்கப்பா தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக மாப்பிள்ளை நடை நடந்து, யார் வீட்டுச் சீலிங்கை நனைத்தாரோ அந்த வீட்டிலேயே போய் வெந்நீரில் குளித்துவிட்டு வருவார். வருகிற வழியில் அந்த வாளியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டால் ஷாம்பு கண்ணில் இருந்தது என்பார்.

ஒருவழியாக நான் என் கைக்காசில் கொஞ்சத்தை அவருக்குத் தெரியாமல் பஞ்சாட்சரத்துக்கு அனுப்பி அவனை வரவைத்தேன். வந்தவன் முகத்திலேயே வேலை செய்கிற எண்ணம் இல்லை. இந்த ரேட்டுக்கு ஒரு நாளைக்கு மேல இங்க நிக்க முடியாதும்மா என்று சொல்லிவிட்டு, உளியால் மெதுவாகக் கொத்த வேண்டிய மீதித் தரையைப் பெரிய சம்மட்டியால் இடித்தான். வீடே அதிர்ந்தது, சாமி படம் ஆணியோடு சாய்ந்தது. நான் நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டிருக்கும்போதே கீழே பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் டீச்சர் வீட்டுச் சீலிங் பூச்சு அப்படியே பெயர்ந்து, பிள்ளைகள் உட்காரும் பாயின் மேல் கிடக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா என்று பிள்ளைகள் வரத் தாமதம். வழக்கமான நேரத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் பேனா எழுத மாட்டேன் என்கிறது, நீயே நினைத்துக்கொள், நீயும் அந்தப் பாயில் உட்கார்ந்து படித்தவன்தான். டீச்சர் கையில் சாக்பீஸோடு சுவரை ஒட்டி நின்றார்கள், தலையெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் தெரிந்தது. பின்னாலேயே உங்கப்பா வந்து நின்றார். டீச்சர் அவரைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. நீங்க குறைச்ச கூலி எங்க வீட்டுல வந்து விழுந்திருக்கு அண்ணாச்சி, வந்து எடுத்துக்குங்க என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

உங்கப்பா முகம் வெளுத்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மேலே வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, போட்டோ எடுத்துட்டாங்களா என்பதுதான். மறுநாள் சமாதானம் என்று நினைத்துக்கொண்டு கடையிலிருந்து ஒரு நல்ல பட்டுச்சேலையை ஆளிடம் கொடுத்து டீச்சருக்கு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. சேலையை மேல இழுத்துக் கட்டினா சுண்ணாம்பு விழாதுன்னு அண்ணாச்சி உத்தரவாதம் குடுத்தா வாங்கிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஆள் அதைக் கடையில் எல்லார் முன்னாலும் அப்படியே ஒப்பித்துவிட்டான். உங்கப்பா சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

பஞ்சாட்சரம் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். நான் போன் போட்டுத் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னாம்மா பண்றது, சார் சொன்ன ரேட்டு எனக்குக் கட்டாதுன்னு அப்பவே தெரியும், வேற வேலை இல்லாம சும்மா கீறோமேன்னு ஒத்துக்கினேன், இப்போ அடையார்ல நல்ல வேலை வந்துச்சு, போய்க்கினு இருக்கேன் என்றான். அயோக்கியன்தான், ஆனால் பொய் சொல்லாத அயோக்கியன்.

அதன் பிறகு நானே இறங்கினேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டு வேலை நடக்கிறது, அங்கே ஒரு பெண் மணல் லாரிக்காரனை நடுரோட்டில் நிறுத்தி வைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் ஷீலா, நொச்சிக்குப்பத்துப் பெண், ஆட்களை வைத்து வேலை எடுத்துச் செய்கிறாள். அவளைக் கூட்டி வந்து மேலேயும் கீழேயும் காட்டினேன். அவள் சொன்ன கூலி அதிகம்தான், ஆனால் சீலிங் பூச்சு, குழாய், ரப்பீஸ் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றாள். உங்கப்பாவுக்கு அடி பட்டும் பழக்கம் போகவில்லை, பாதியைச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, பாதி ரேட்டுக்குப் பாதி பாத்ரூம்தான் சார் வரும், எந்தப் பாதி வேணும்னு சொல்லுங்க என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள். நான் அவளை நிறுத்திவிட்டு உங்கப்பாவிடம், உங்கள் கடையில் ஒரே விலை என்று போர்டு தொங்குகிறதே, அது துணிக்கு மட்டும்தானா, ஆளுக்குக் கிடையாதா என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடம் சரியாகும் வரை டீச்சர் எங்கே பாடம் எடுப்பார்கள். அவ்வளவு பிள்ளைகளையும் நம் ஹாலுக்கு வரச் சொல்லிவிட்டேன். நாங்கள் கீழே போய்க் குளிப்பது, அவர்கள் மேலே வந்து படிப்பது. உங்கப்பா டிவி பார்க்கிற நேரம், டிவி மேலேயே கரும்பலகையைச் சாய்த்து வைத்தாயிற்று. பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஒரு நாள் லாப நஷ்டக் கணக்கு எழுதிப் போட்டார்கள். ஒருவர் வேலைக்காரருக்குக் கூலியில் பாதியைக் குறைத்தார், வேலை கெட்டது, திரும்பச் செய்ய முதலில் கேட்டதைப் போல இரண்டு மடங்கு ஆனது, அவருக்கு லாபமா நஷ்டமா, எத்தனை சதவீதம் என்று. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது, பாவம், நஷ்டம் மிஸ், நஷ்டம் மிஸ் என்று வீடு அதிரக் கத்தின. ஒரு வாண்டு, அவரு லூசா மிஸ் என்று கேட்டது. பேப்பர் அசையவே இல்லை. நான் சமையலறையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஷீலா வேலையை முடித்துவிட்டாள். நியாயமான கூலி கொடுத்தால் எல்லாம் தங்கமாக நடக்கும் என்று உனக்கு நீதிக்கதை சொல்ல வரவில்லை. அவளும் சொன்ன நாளைத் தாண்டித்தான் முடித்தாள், மீன் வரத்து அதிகம் என்று ஆட்கள் பாதி நாள் கடலுக்குப் போய்விட்டார்கள். தரை வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் ஒரு மூலையில் போய்த் தேங்கியது. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வந்தாள், வாயில் முணுமுணுத்துக்கொண்டே அந்த மூலையை உடைத்து மறுபடி போட்டாள். அதிகம் கொடுத்த காசில் நான் வாங்கியது அந்தத் திரும்பி வருகிற கால்களைத்தான்.

டீச்சர் வீட்டுச் சீலிங் காய்ந்து வெள்ளையடித்த அன்றைக்கு உங்கப்பா தானாகவே கீழே போகலாம் வா என்றார். நானும் கூடப் போனேன். அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வந்து வந்து திரும்பிப் போனது எனக்குத் தெரிந்தது. கடைசியில், டீச்சரம்மா, இனிமே ஒரு சொட்டு விழுந்தாலும் எங்கிட்டச் சொல்லாதீங்க, இவகிட்டச் சொல்லுங்க, நான் கேக்க மாட்டேன் என்றார். கல்லாப்பெட்டிச் சாவியைக்கூட இவ்வளவு சுலபமாக என்னிடம் கொடுத்தவர் இல்லை. டீச்சர் அவருக்கு டீ கொடுத்துவிட்டு, நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன் என்றார்கள். அவர் டீயை ஆறவிடாமல் குடித்தார், நாக்கு சுட்டிருக்கும், சொல்லவில்லை.

ஆகவே மகனே, இனி இந்த வீட்டில் ஆணி அடிப்பதாக இருந்தாலும் என்னிடம் கேள், அப்பாவிடம் ரேட் பேசாதே. டீச்சருக்கு ஒரு போன் போடு, பாத்ரூம் பற்றி ஆலோசனை சொன்னது நீதான் என்பது அவர்களுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். குட்டு போனில் வராது, தைரியமாகப் பேசு. மதுமதிக்கு என் ஆசி, அஸ்வத் நல்ல படிப்பும் நீண்ட ஆயுளுமாக இருக்கட்டும், உங்கள் மூன்று பேர் தலைக்கு மேலேயும் கூரை எந்நாளும் உறுதியாக நிற்கட்டும். குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
உன் அம்மா,
தங்கபுஷ்பம் இசக்கிமுத்து