ஏழுக்குப் பிறகு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் லேபில் இரண்டு மேல் பல் செட், ஒரு கீழ் செட். மெழுகு சரியாக இறுகாமல் கழுத்தை அறுத்தது.

மதியம் டைம்கீப்பர் மறுபடி வந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வண்டி வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதி ஓய்வு பெற்றவர். ஜனவரியில் அவருக்குப் பல் செட் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் ஆஜர்.

"தம்பி, இடது பக்கம் கொஞ்சம் குத்துது."

கடி எங்கே அழுத்துகிறதென்று காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாப் பல்லிலும் ஒரே அளவு நீலம். ஈறில் ஒரு சிவப்பு இல்லை. ஆனாலும் லேசாகத் தேய்த்துக் கொடுத்தேன். இந்தக் கணக்கில் தேய்த்தால் மே மாதம் அவரிடம் வெறும் ஈறுதான் மிஞ்சும்.

சாயங்காலம் வலது விலாவுக்குக் கீழே அந்த வலி. கால் மணி நேரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 6, வியாழன்

பித்தப்பையில் கல். சர்ஜன் ஸ்கேன் படத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு மாசத்துக்குள்ள எடுத்துடணும். தள்ளிப்போட்டா சீழ் பிடிக்கும். அப்புறம் உயிருக்கே ஆபத்தாயிடும்." சின்ன ஆபரேஷன்தானாம். "மயக்கம் கொடுத்துடுவோம், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

அந்த ஒண்ணுமே தெரியாததுதான் சார் என் பிரச்சினை. சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் "உடன் இருப்பவர் பெயர்" என்று ஒரு கட்டம்.

மார்ச் 8, சனி

மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியைத் தேடி எடுத்தேன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த நாள். மூக்கில் மாஸ்க் வைத்து, பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. அடுத்த நொடி நர்ஸ், "முடிஞ்சிருச்சு, கண்ணைத் திறங்க" என்றாள். சுவர்க் கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடம் தள்ளிப்போயிருந்தது.

அந்தப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று. எதை வைத்து நிரப்புவது?

தூக்கம் மாதிரிதான் என்கிறார்கள். எவன் சொன்னான்? தூங்கி எழுந்தால் நேரம் போனது உடம்புக்குத் தெரியும், வாய் கசக்கும், கால் மரத்திருக்கும். அது அப்படி இல்லை. இருட்டுகூட இல்லை. இருட்டு என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டுமே. ஏழுக்குப் பிறகு நான் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ஏதாவது தப்பாகியிருந்தால், தப்பானதே எனக்குத் தெரிந்திருக்காது. எட்டு, ஏழு, அப்புறம் —

செத்துப்போறதுன்னா இதுதானா? அப்படின்னா எனக்கு வேண்டாம்பா. வலி எவ்வளவு வேணாலும் கொடு. இது வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

வெளியூரிலிருந்து தங்கை போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வரும்.

"அண்ணா, இங்கெல்லாம் காலையில பண்ணி சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. நீ என்ன சின்னப் பிள்ளையா?"

மகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு முடியவில்லை, இப்போது வர வழியில்லையாம். குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் நான் போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

கட்டம் காலி.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒரு வேலை செய்தேன். நினைத்தால் கூசுகிறது.

ராத்திரி வலித்ததில் சரியான தூக்கமில்லை. மூன்று செட் முடிக்க வேண்டும், கிளினிக் டாக்டரம்மா வேறு இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர். "தம்பி, இப்ப வலது பக்கம்." வாங்கினேன். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். தேய்க்கிற மெஷினை ஓடவிட்டேன். செட்டில் படவே விடவில்லை. வெறும் காற்றில் அரை நிமிடம் ஓட்டிவிட்டு, துடைத்துக் கொடுத்தேன்.

போட்டுப் பார்த்தார். இரண்டு முறை கடித்தார். "இப்பத்தான் கச்சிதமா இருக்கு" என்றார்.

அப்போ இத்தனை நாளும் ஒன்றுமே இல்லை. மனுஷர் சும்மாதான் வந்திருக்கிறார். முதலில் ஆத்திரமாக வந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வாரம் என் வாயில் இருந்து வேலை தவிர வேறு பேச்சு வந்தது யாரிடம் என்று யோசித்துப் பார்த்தேன். அவரிடம் மட்டும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பிறப்பதற்கு முன்பும்தான் நான் இல்லை. அதற்காக ஒருநாளும் அழுததில்லை. பிறகு இல்லாமல் போவதற்கு மட்டும் ஏன் இந்தப் பயம்?

அப்போது விட்டுப் போக ஒன்றும் இல்லை. இப்போது என்ன பெரிதாக இருக்கிறது? ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அது போடுகிற சத்தம். சாயங்காலம் நாலரைக்கு லேப் மேஜையில் வந்து விழுகிற வெயில். இதைக்கூட விட மனசில்லை. அந்த வெயிலைப் பார்த்தது நான் ஒருத்தன்தான். நான் போனால் அதைப் பார்த்ததற்கு சாட்சியே கிடையாது.

இதைத் தங்கையிடம் சொன்னால் டாக்டரிடம் போ என்பாள். போயிருக்கிறேன்மா, அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

மார்ச் 20, வியாழன்

டைம்கீப்பர் செவ்வாயும் வரவில்லை, இன்றும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, வேலை ஓடுகிறது.

மார்ச் 25, செவ்வாய்

இன்றும் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலிக்கிறது.

"டைம்கீப்பர் ஏதாவது சொன்னாரா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வந்தா திட்டுறீங்க, வரலன்னா தேடுறீங்க" என்றார்.

காற்றில் மெஷின் ஓட்டினேனே. தெரிந்துபோயிருக்குமோ? இல்லை, மனுஷர் வீட்டுக்குள்ளேயே — அவருக்கும் யாரும் கிடையாது. மனைவி போய் நாலு வருடம் என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 26, புதன்

அரை நாள் லீவு போட்டேன். கிளினிக் அட்டையில் அவர் விலாசம் இருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் தட்டிவிட்டு எண்ணினேன். பத்து, ஒன்பது, எட்டு. பழக்க தோஷம்.

ஏழில் திறந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் இல்லாமல், கன்னம் ஒட்டிப்போய். பத்து நாளாகக் காய்ச்சலாம்.

"செட் எங்க சார்?"

"யாரு வரப்போறாங்கன்னு கழட்டி வச்சுட்டேன்." உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தார்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்திருந்தோம். திடீரென்று சொன்னார். "அன்னைக்கு மெஷினைச் சும்மா ஓட்டினீங்கல்ல? செட்டுல படுற சத்தம் எனக்குத் தெரியாதா தம்பி. எஞ்சின் சத்தம் கேட்டே வளர்ந்தவன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அப்புறம் ஏன் கச்சிதம்னீங்க?"

"வேலையக் கெடுக்கிறோமேன்னு உறுத்துச்சு. இனிமே போகக்கூடாதுன்னு நினைச்சேன். அப்புறம் காய்ச்சலும் வந்துடுச்சு."

உங்களுக்குச் சாவு பயம் உண்டா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"இல்லாம இருக்குமா? டெப்போல ஒரு வண்டி அஞ்சு நிமிஷம் தாமதமானா நான் போன் அடிச்சுக் கேப்பேன். பத்து நாளா நான் வரல. எங்கன்னு கேக்க ஆள் இருந்துச்சா? போறதுகூடப் பரவாயில்ல தம்பி. போனதை யாரும் குறிச்சு வைக்க மாட்டாங்கன்னு நினைச்சாத்தான் நடுங்குது. நோட்டுல ஏறாத வண்டி வந்ததாவே கிடையாது, எங்க வேலையில."

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல், மாஸ்க், ஏழு, காலி இடம், கட்டம். அவர் "எத்தனை மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 27, வியாழன்

கட்டத்தில் அவர் பெயர். உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டதற்கு, "வாடிக்கையாளர்னு போடுங்க" என்றார். நண்பர் என்று எழுதினேன்.

ஏப்ரல் 2, புதன்

நாளைக்கு. துணிமணி எடுத்து வைத்தாயிற்று. பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

காலை 9.10. பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். டைம்கீப்பர் சவரம் செய்து, பழைய சீருடைச் சட்டையில் வந்திருக்கிறார். இந்த நோட்டையும் பேனாவையும் அவரிடம் கொடுக்கிறேன். நான் இல்லாத நேரத்தை அவர் எழுதட்டும்.

9.25. புறப்பாடு. தம்பி உள்ளே. கதவு சாத்தியாச்சு. நோட்டு என் பொறுப்பில்.

9.45. எதிர் பெஞ்சில் ஒரு அம்மா. கணவருக்குக் கண் ஆபரேஷன். ரஸ்க் கொடுத்தார். கடித்தேன். செட் நன்றாகக் கடிக்கிறது. இந்த வரியைத் தம்பி படிக்க வேண்டாம்.

10.05. தூறல். ஜன்னல் சாத்தினார்கள்.

10.30. விசேஷம் இல்லை.

10.50. டீ. சர்க்கரை அதிகம்.

11.00. பெருக்க வந்தவர் காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

11.10. வெயில் வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே தரையில் மூன்றாவது ஓடு வரை விழுகிறது.

11.25. தாமதம். எழுந்து போய்க் கேட்டேன். முடியப்போகிறது என்றார்கள்.

11.30. மறுபடி கேட்டேன். உட்காரச் சொல்லித் திட்டினார்கள்.

11.42. வருகை. கண் திறந்தார். மணி என்ன என்று கேட்டார். சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த முறை எட்டு வரைதான் எண்ணினேன். ஏழே வரவில்லை. அதே ஒன்றுமில்லாததுதான். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. நாளைக்கே மறுபடி படு என்றால் மறுபடி நடுங்குவேன்.

ஆனால் 11.25 வரியை நாலு முறை படித்தேன். அழுகை வந்தது. தையல் இழுத்ததால் நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் டைம்கீப்பர் பார்க்க வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "தம்பி, செட் கொஞ்சம் குத்துது" என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

யோசித்தார். "ரெண்டு பக்கமும்."

லேபுக்கு இரண்டு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். அதனால் வீட்டுக்கே வரச் சொன்னேன், செவ்வாயும் வியாழனும்.