பாதி வேண்டுதல்

ஆகஸ்ட் 27, 2024

தறியில் புதுப் பாவு பிணைத்தாகிவிட்டது. அரக்கு உடல், பச்சைக் கரை. தெருக்கோடி அம்மனுக்குச் சாத்தும் பட்டாம். நவராத்திரியில் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். "தாமல் ஊர்ல ஒரு குடும்பம், வேண்டுதலுங்க," என்றாள் என் மனைவி சங்கரி. யார், என்ன என்று நான் கேட்கவில்லை. எங்கள் பிள்ளை குகன் போனதிலிருந்து அந்தக் கோயில் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. அம்மன் எந்தப் புடவை கட்டினால் எனக்கென்ன? வேலை வேலைதான்.

ஆகஸ்ட் 29

இன்றும் கோடு விழுந்தது.

தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கும் முன் என் கால் ஒரு கணம் தயங்குகிறது. என் மகன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான் - குழிக்குள், என் முழங்காலை ஒட்டி, நூல் கட்டையை பஸ்ஸாக ஓட்டிக்கொண்டு. விரல் நசுங்கிவிடப் போகிறதே என்று துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பேன். அவன் இல்லை, பழக்கம் மட்டும் போகவில்லை. கால் தயங்கினால் இழை முழுசாகத் திறக்காது, ஊடு நூல் சுமக்கும் நாடா ஓடிய இடத்தில் துணியில் கோடு விழுந்துவிடும். பிரித்து மறுபடி நெய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டுக்கொண்டிருந்த சங்கரி பார்த்தாள்.

செப்டம்பர் 1

மறுபடியும் பிரித்தேன். குழிக்குள் யாரும் இல்லை என்று இந்தக் காலுக்கு யார் சொல்வது?

செப்டம்பர் 3

சபாபதி மாமா வந்தார். ஆறுதல் சொல்ல வந்தால் சொல்லாமல் போகமாட்டார்.

"நல்ல புள்ளைங்களை சாமி சீக்கிரம் கூப்ட்டுக்கும்பா."

"அப்போ உங்களை மட்டும் ஏன் மாமா இத்தினி வருஷம் விட்டு வெச்சிருக்குது?" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. போன ஜென்மத்துக் கணக்காக இருக்கும் என்று எழுந்து போகும்போது முணுமுணுத்தார். கால் தவறித் தறியில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளை அவன். அஞ்சு வயசு. அவனுக்கு என்ன கணக்கு? இருந்தால்தான் என்ன, அதை ஒரு குழந்தையிடமா வசூல் பண்ணுவது?

செப்டம்பர் 8

புடவை நெய்யச் சொன்னவர்கள் பார்க்க வந்தார்கள். வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் நாடாவைக் கீழே வைத்தேன். வேணுகோபால். போன ஐப்பசியில் டெங்கு வார்டில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டில். கூடவே அவர் பெண் காயத்ரி. பிழைத்த குழந்தை. நன்றாக வளர்ந்திருக்கிறாள், முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது.

தறியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "மாமா, இந்தப் பள்ளத்துக்குள்ள இன்னா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே குழிக்குள் குதித்துவிட்டாள். சரியாக அவன் இடத்தில்.

"ஏறு மேல!" என்று கத்திவிட்டேன். குழந்தை நடுங்கிப்போய் அழுதது. வேணுகோபால் அவளைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

நான் நினைத்ததை இங்கேயாவது எழுத வேண்டும். இவள் இருக்கிறாள், அவன் ஏன் இல்லை என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. மாற்றி நடந்திருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே நினைத்தேன்.

செப்டம்பர் 9

சங்கரியிடம் கேட்டேவிட்டேன்.

"யாருன்னு தெரிஞ்சேதான் ஒத்துக்கினியா?"

"தெரிஞ்சுதான்."

"அவங்க புள்ள பொழைச்சதுக்கு நான் ஒக்காந்து நெய்யணுமா?"

"வேண்டிக்கினது அவங்க இல்லீங்க. நான். அன்னிக்கு ரெண்டு கொழந்தைக்கும் ரத்தத்துல அணு எறங்கிக்கினே இருந்திச்சு. அந்தப் பொண்ணோட அம்மா சுகாசினி தரையில சுருண்டு கெடந்தா, அவளுக்கு வேண்டிக்கக்கூட தெம்பு இல்ல. ரெண்டு பேரையும் சொல்லித்தான், ரெண்டும் எழுந்துட்டா பட்டு சாத்தறேன்னு அம்மனாண்ட கேட்டேன். ஒண்ணு எழுந்துச்சு இல்ல? அத கேட்டுட்டுத்தான் அவங்க பட்டு குடுக்கறாங்க."

"பாதி குடுத்தவளுக்குப் பாதிப் புடவை போதும்!"

"பாதிப் புடவைய யாருங்க கட்டுவாங்க?" என்றாள். அரிசி களையப் போய்விட்டாள்.

செப்டம்பர் 10

தறியில் உட்காரவில்லை.

ஒரே வார்டு. ஒரே மருந்து. ஒரே வேண்டுதல், ஒரே வாயால. நீ எப்படிப் பிரிச்ச? சீட்டுக் குலுக்கிப் போட்டியா? உன்னால ஒண்ணும் ஆகாதுன்னா விட்டுத் தொலைச்சிருப்பேன். பாவம், அவளால முடியலன்னு போயிருப்பேன். முடியும்னு பக்கத்துக் கட்டில்லயே காட்டினியே. அங்க வரைக்கும் வந்த கை இங்க எட்டலையா? யாருக்கு என்ன கெடுதல் பண்ணான் அவன்? சொல்லு.

செப்டம்பர் 13

சும்மா இருக்கிறேன்.

செப்டம்பர் 16

தறி ஓடாத வீட்டில் அவன் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. குழிக்குள்ளிருந்து பஸ் ஹாரன். எழுந்து போய்ப் பார்த்தேன். பார்த்தது தெரிந்தால் சங்கரி என்ன நினைப்பாள் என்று, கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல் பாசாங்கு வேறு.

சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தேன். பக்தியெல்லாம் இல்லை. அந்தச் சத்தத்தோடு தனியாக இருக்கப் பயம், அவ்வளவுதான். சங்கரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 25

தறியிலிருந்து புடவையை அறுத்து எடுத்தோம். மடித்து வைக்கும்போது வேணுகோபாலிடமிருந்து போன். இரண்டு நாளாகக் காயத்ரிக்குக் காய்ச்சலாம். அதே வார்டில் சேர்த்திருக்கிறார்களாம். "புடவைய அப்புறம் பாக்கலாங்க," என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

அன்றைக்கு நான் நினைத்தது பலித்துவிட்டதா? இல்லை. இருக்காது. அப்படியெல்லாம் நடக்காது. நடக்குமா?

செப்டம்பர் 26

சங்கரியை வீட்டில் காணோம். கடைக்குப் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பினேன். போய் நின்றது அம்மன் கோயிலில். பத்து மாதத்துக்கு மேலாகிறது. வாசற்படி உயரமாகிவிட்டதுபோல் இருந்தது.

"பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"காயத்ரி. நட்சத்திரம் தெரியாது."

"இந்தப் பேருக்கு இப்பத்தானே உங்க வீட்டம்மா அர்ச்சனை பண்ணிட்டுப் போனாங்க?"

"பரவால்ல சாமி, இன்னொரு வாட்டி சொல்லுங்க. போன தடவ ஒரு வாட்டி சொன்னது பத்தல."

அவர் தட்டை மறுபடி கையில் எடுத்தார். பேரைச் சொன்னார்.

செப்டம்பர் 28

காயத்ரிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. டெங்கு இல்லையாம். சங்கரி சுவரில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

அக்டோபர் 4

வெள்ளிக்கிழமை. புடவை சாத்தினார்கள். தாமலிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். "அம்மா கைவிடல," என்று சுகாசினி வாயெடுத்தவள், என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். காயத்ரி முதலில் எனக்குப் பயந்து அம்மா முந்தானைக்குள் ஒளிந்தாள். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன், வந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மன் முன்னால் போய் நின்றேன். புடவை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

"எம் புள்ளைய ஏன் விட்ட?" என்று வாய்விட்டே கேட்டேன்.

குருக்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காதவர்போல் விளக்குத் திரியைத் தூண்டினார். பதில் வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் இதைப் போய்க் கேட்க அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

அடுத்த வெள்ளியும் போய்க் கேட்கப்போகிறேன் என்று சங்கரியிடம் சொன்னேன்.

"நானும் வரேன்," என்றாள்.