நீ இல்லாத பதினாறு நாளும் ஒரு டன் வெங்காயமும்

கூடப் பிறந்தும் நாலு வருடம் என்னோடு பேசாத என் அருமை அண்ணனுக்கு,

நீ செத்ததில் எனக்கு ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் லாபம். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நேரில் சொல்லியிருந்தால் நீ என் முகத்தைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்து, "உன் கொழுந்தன் என்னமோ சொல்றான், என்னன்னு கேளு" என்றிருப்பாய். இப்போது நடுவில் அண்ணி இல்லை, வெங்காய வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலர் இருக்கிறது. பேப்பரில் அஞ்சலி போடலாம் என்று விசாரித்தேன். உன் மூஞ்சி மட்டும் வருவதற்கே அவர்கள் கேட்ட தொகைக்கு நீ உயிரோடிருந்தால் என்னை அடித்திருப்பாய். இந்த மலரில் உறுப்பினருக்குப் பக்கம் இலவசம். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் ஏன் பேசாமல் போனோம் என்பது சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரும் தெரிந்துகொள்ளட்டும். திருச்சி மண்டிக்காரருக்கு நான் மூட்டை கட்டியபோது ஈரக்காயை அடியில் போட்டு, நல்ல காயை மேலே போட்டேன். இந்தத் தொழிலில் யார் செய்யவில்லை? அன்றைக்குப் பார்த்து உனக்கு லீவு. வந்தவரிடம், "மேல பார்த்துட்டீங்க, அப்படியே அடிவரைக்கும் கைய விட்டுப் பாருங்க சார்" என்றாய். அவர் கையை விட்டார். கிலோவுக்கு நாலு ரூபாய் போயிற்று.

"நீ எனக்கு அண்ணனா, இல்ல ஆபீசரா?" என்று கத்தினேன்.

"நான் எடை போடறவன்டா" என்றாய். அதுதான் நீ என்னிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

எடை போடுகிறவன்தான். அரியலூரில் சிமெண்ட் லாரிகளை ஏற்றி நிறுத்தும் எடை மேடையில் இருபத்திரண்டு வருடம் சீட்டு கிழித்தாய். மாதம் ஒரு முறை லாரி இல்லாத நேரம் பார்த்து நீயே ஏறி நிற்பாய். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஒரு மாதம் எழுபது, மறுமாதம் எண்பது. "ஒரே மாசத்துல பத்து கிலோ ஏறிட்டேன்" என்று வீட்டுக்கு வந்து சோற்றைக் குறைப்பாய். அண்ணி சிரித்துக்கொண்டே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பேச்சு நின்ற பிறகும், நான் வெங்காயம் சேமிக்கிற பட்டறை நின்ற இடம் மாறவில்லை. நிலத்தைப் பிரித்தபோது மேட்டுக்கொல்லை உனக்கு வந்தது. கல்லும் சரளையும்தான், ஆனால் காற்று அங்கேதான். சின்ன வெங்காயத்துக்குக் காற்று போதும். மூங்கில் தட்டி கட்டி, மேலே கீற்று போட்டு, உன் மேட்டில் என் வெங்காயத்தைக் கொட்டி வைத்தேன். வாடகை நீ கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சாயங்காலம் நீ உன் வாசலில், நான் என் வாசலில், நடுவில் அண்ணி.

"மேக்கால காத்து எடுக்குது, பட்டறையைப் பாத்துக்கச் சொல்லு உன் கொழுந்தன."

"எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லுங்க அண்ணி."

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன் வச்சிருக்கீங்கல்ல? அதுல பேசிக்கங்க. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் பத்து டன் இருந்தது. திருச்சிக்காரரிடம் கிலோ முப்பது ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டேன். மூன்று லட்சம். வியாழக்கிழமை காலை லாரி வர வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் கடைசி லாரிக்குச் சீட்டு கொடுத்துவிட்டு நீ நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். போன் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'நாளைக்கு லாரி வருதே' என்பது. அதற்குப் பிறகுதான் 'ஐயோ அண்ணே' வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மலரில் போட்டுவிட்டேன்.

உனக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். ஈர வேட்டியோடு, மொட்டைத் தலையோடு நிற்கிறேன். லாரி டிரைவர் பறைக்காரர்களுக்கு நடுவில் நுழைந்து வந்து என் காதில், "சார், லோடு?" என்றார். பாவம், அவருக்கு வாடகை நின்றுபோகும். நான் பங்காளிகளில் மூத்தவரான சித்தப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் பட்டறையில கை வைக்கக் கூடாது. கொள்ளி வச்சவன் நீ."

"வெங்காயத்துக்கு என்ன சித்தப்பா தீட்டு?"

"வெங்காயத்துக்கு இல்லடா. உனக்கு."

டிரைவர் உன்னைக் கும்பிட்டுவிட்டு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போனார். மூன்று லட்சம் மேட்டுத் திருப்பத்தில் மறைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னைத் திட்டினேன் அண்ணே. இரண்டு நாள் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா? அவசரமே இல்லாத மனுஷன், இதற்கு மட்டும் என்ன அவசரம்?

தொடக் கூடாது என்றார்களே தவிர, மோந்து பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தினமும் பட்டறையைச் சுற்றி வந்து, தட்டியில் மூக்கை வைத்து உறிஞ்சுவேன். அழுகினால் முதலில் வாசனைதான் காட்டிக் கொடுக்கும். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் தட்டியில் முகத்தைப் புதைத்து அழுகிற மாதிரி இருந்திருக்கிறது. "நாலு வருசம் பேசாம இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான் பாரேன்" என்று ஊரே பேசிற்று. நானும் மறுக்கவில்லை. ஏழாம் நாள் மட்டும் நிஜமாகவே அழுதேன். காயால் வந்த கண்ணீர் என்று நினைக்காதே, உரிக்காத வெங்காயம் கண்ணை எரிக்காது.

அதற்குள் எங்கெங்கோ மழை கொட்டி, வயலில் இருந்த காயெல்லாம் போயிற்று. ஒன்பதாம் நாள் திருச்சிக்காரர் போன் பண்ணி ஐம்பது என்றார். பன்னிரண்டாம் நாள் எழுபது. முதல் வாரம் காரியத்தைப் பத்தாம் நாளே முடித்துவிடலாமா என்று சித்தப்பாவைக் கெஞ்சியவன், இப்போது போய், "முப்பதாம் நாளுக்குத் தள்ளி வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஏன்டா, உங்கண்ணன் காரியத்த ரேட்டு பாத்துதான் வைப்பியா?"

பதினேழாம் நாள் தட்டியைப் பிரித்தோம். ஒன்பது டன் பொன் மாதிரி இருந்தது. மேற்கு மூலையில் கீற்று நழுவி, ஒரு டன் கூழாகிப் போயிருந்தது. நாலு வருடத்தில் அந்த மூலையில் ஒரு கூடை அழுகியதில்லை. கீற்று வேய்ந்த ஆளைத்தான் திட்டினேன். மீதியைக் கிலோ தொண்ணூறுக்குக் கொடுத்தேன். எட்டு லட்சத்துப் பத்தாயிரம். முன்பு பேசியதைக் கழித்துவிட்டால், நான் முதல் வரியில் சொன்ன தொகை.

பணம் வந்த செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. "செத்தும் தம்பிக்குச் செஞ்சுட்டுப் போயிருக்காரு மாமா" என்று என் பெண்டாட்டி செல்வி கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு, கழுத்துக்கு ஒரு சங்கிலி என்றாள். தங்கம் விற்கிற விலைக்கு முழுத் தொகையைக் கொடுத்தாலும் கொக்கி கடனாகத்தான் வரும் என்றேன். பையனுக்குக் காலேஜுக்குப் போக வண்டி. கோயில் கமிட்டிக்காரர்கள் கல்வெட்டில் என் பெயரா, உன் பெயரா என்பதுவரை பேசிவிட்டு, தொகை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு நீட்டினார்கள். சித்தப்பா, "அது செத்தவன் காசு, ஊருக்குச் சோறு போடு" என்றார். சோறு என்றால் கறிச்சோறு என்றும் சொன்னார்.

நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். எனக்கு ஒரே எண்ணம்தான். மூங்கிலை எடுத்துவிட்டு இரும்புத் தூண் போட்டு, இருபது டன் பிடிக்கிற பட்டறை. அதற்கு உன் மேடு வேண்டும். உன் மேடு இப்போது அண்ணியுடையது. செட்டிகுளத்து வியாபாரி ஒருவர் அந்த மேட்டுக்கு மூன்று லட்சம் பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது கைமாறினால் நான் வெங்காயத்தை எங்கே கொட்டுவது, கட்டிலுக்கு அடியிலா?

அந்த ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்தை உரப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி காபி கொடுத்தது. நான் தொழில்முறைப்படி ஆரம்பித்தேன்.

"அந்த மேட்டுல ஒண்ணும் விளையாது அண்ணி. வெறும் சரளை. ஏதோ அண்ணன் நிலம்னு, ஒரு ஒன்றரை லட்சம்..."

"தம்பி வந்தா முதல்ல பாதி விலை கேப்பான்னு உங்கண்ணன் எப்பவோ சொல்லிட்டாரு."

"காத்து மட்டும்தான் அண்ணி அங்க இருக்கு."

"காத்துதான் தம்பி. ஒவ்வொரு காத்துக்கும் மேக்கு மூலைக் கீத்து நழுவும். காலைல அரியலூர் பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி அவருதான் ஏறிக் கட்டிட்டுப் போவாரு. சட்டையெல்லாம் கீத்துத் தூசியோட."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாம என்ன? நாலு வருசமா எம்மூலமா சொல்லித்தான் விட்டாரு. 'எனக்குத் தெரியும்னு சொல்லுங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

நீ எழுபது கிலோவா, எண்பதா என்று கடைசிவரை உனக்கே தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. நீ ஒரு டன் அண்ணே. பதினாறு நாள் நீ இல்லாததற்கு மேற்கு மூலை போட்ட எடை அது.

பையை அண்ணியின் முன்னால் வைத்து, "எல்லாம் நீங்களே வச்சுக்கங்க" என்றேன். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் சொன்ன முதல் தொகை அது. அண்ணி பையைக் காலால் என் பக்கம் தள்ளியது.

"இன்னிக்குக் குடுப்பீங்க. நாளைக்கு 'எங்க அண்ணிக்கு அஞ்சு லட்சம் குடுத்தேன்'னு நாலு ஊருல சொல்லுவீங்க. எனக்கு வேணாம். மேட்டை விக்கவும் மாட்டேன். கூட்டு போடுங்க."

"மூணுல ஒரு பங்கு தரேன் அண்ணி."

"காபி ஆறுது, குடிங்க."

"நூத்துக்கு நாப்பது."

"செட்டிகுளத்துக்காரரு நாளைக்கு வரேன்னிருக்காரு."

"சரி, பாதி."

"சர்க்கரை போதுமா தம்பி?"

முப்பது வருடம் பெரம்பலூர், துறையூர், திருச்சி என்று பேரம் பேசியவனை ஒரு டம்ளர் காபியில் முடித்துவிட்டது அண்ணி. இத்தனை நாள் இந்தத் திறமையை நீ அடுப்படியில் வைத்திருந்தாயே, எனக்காவது சொல்லக் கூடாதா?

இரும்புத் தூண் நட்டாகிவிட்டது. தகரம் போடலாம் என்றேன். "தகரம் சுடும், காய் வெந்துடும். கீத்துதான்" என்றது அண்ணி. அதனால் மேற்கு மூலை இப்போதும் காற்றுக்கு நழுவுகிறது. நேற்று நானே ஏறினேன். இரண்டு தரம் சறுக்கி, முழங்கை தோல் போய், கீழே நின்ற செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். ஏணியும் இல்லாமல், அந்த வயசில் நீ எப்படி ஏறினாய்? பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் எந்தக் காலை முதலில் வைத்தாய்?

சங்கிலி இந்த வருடம் இல்லை என்று செல்விக்குச் சொல்லிவிட்டேன். அவள் இப்போது என்னோடு அண்ணி மூலமாகத்தான் பேசுகிறாள்.

இனி அந்த மூலையை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே. எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொள்கிறேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, அண்ணியும் நானும் பேசி முடித்ததை இங்கே எழுதுகிறேன்: மேடு அண்ணியுடையது, விற்பனைக்கு இல்லை. பட்டறைச் செலவு முழுவதும் அந்த ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்தில். லாபம் பாதிக்குப் பாதி. வாங்க வருகிறவர் யாரானாலும் மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்கலாம். மேற்கு மூலையில் கீற்று கட்டுவதற்குக் கூலி கிடையாது.

இப்படிக்கு,
இதுவரை அண்ணியின் கொழுந்தன்,
இனி நேராகவே உன் தம்பி.