ஒரு தடவை பார்க்கலாம்

ஏங்க,

சாப்பாடு ஃபிரிட்ஜுல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். சாவி செருப்பு அலமாரி மேல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை அந்த லாரி டிரைவர் படத்தைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். நீங்க கொட்டாவி விட்டுட்டு, "ஒரு தடவை பார்க்கலாம்"னீங்க. அதுக்குத்தான் ரெண்டு நாளா உங்ககிட்ட பேசல. நூறு பேரை அடிச்சும் ஹீரோ சட்டை கசங்காத கண்றாவிக்கும் இதே மார்க், இதுக்கும் இதே மார்க்கா?

இன்னைக்குக் காலையில டிவியைப் போட்டேன். டிரைவர் மகளுக்குத் தலை பின்னிவிடுற இடத்துல படம் அப்படியே நிக்குது. நான் திரும்பப் பார்க்கல. அப்போ நம்ம வீட்டுப் பூனையா பார்த்துச்சு? சோபாவுல உங்க கைக்குட்டை வேற கசங்கிக் கிடக்கு! கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க. ஜெயிச்சது நான்தான்.

சாயங்காலம் சீக்கிரம் வர்றேன். மீதியைச் சேர்ந்தே பார்ப்போம்.

பி.கு: என்னை முதல்முதலா பார்த்துட்டு வந்தப்பவும் உங்க அக்காகிட்ட இதையேதான் சொன்னீங்களாமே? நேத்து போன்ல அவங்களே போட்டுக் கொடுத்துட்டாங்க. "ஒரு தடவை பார்க்கலாம்"னு சொன்னவர், இருபது வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க!