கதவு திறந்தால் எரியும் விளக்கு

ஜூன் 4

ஊருக்கெல்லாம் ஷட்டர் சரிசெய்கிறவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பட்டறை மாடியில் தனிக்கட்டையாக இருக்கிறவருக்கு என்ன குறை? ஃபோனில் பேசினால் எனக்குப் பாதி விழாது. மெசேஜில் இரண்டு வரி தட்டினால் மூன்றாவது வரியில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நம் கேரேஜுக்கு யாரோ வந்து போகிறார்கள். போன மாதம் ஏணியைக் காணோம். அடுத்து டிரில்லிங் மெஷின். நேற்று பார்த்தால் கதவின் கீல்களில் புது எண்ணெய். திருட வந்தவன் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டா போவான்? கதவுக்கு ரிமோட் இரண்டு. ஒன்று என் சாவிக்கொத்தில் இருக்கிறது. இன்னொன்று யாரிடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. தெருவுக்கே தெரியும்படி நீங்கள் கத்திச் சொன்ன விஷயம்தானே அது. ஆகவே கேரேஜ் கதவு திறந்தால் உள்ளே இருக்கிற எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு மணி வைக்கப் போகிறேன். கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். ஆள் அனுப்ப வேண்டாம். நீங்களும் வர வேண்டாம். நானே மாட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்


ஜூன் 9

தையல்காரிக்கு,

மணி வாங்காதே. அது அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருவார், நீ வர மாட்டாய். உனக்கு வேண்டியது விளக்கு. கதவில் மாட்டுகிற சென்சார், அதோடு சேர்ந்த விளக்கு என்று கேள், கொடுப்பார்கள். கம்பி இழுக்கிற வேலை கிடையாது.

பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு இருக்கும். ஒன்று காந்தம், மற்றது சென்சார். ஒன்றைக் கதவிலும் மற்றதைப் பக்கத்துச் சட்டத்திலும் ஒட்டு. கதவு மூடியிருக்கும்போது இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். கதவு நகர்ந்தால் பிரிந்துவிடும், விளக்கு எரியும். கதவைத் திரும்ப மூடுகிற வரைக்கும் அணையாது. விளக்கை மெஷினுக்கு நேர் எதிரே, உன் கண் படுகிற இடத்தில் வை.

முழங்கால் உயரத்தில் ஒட்டினால் போதும். ஸ்டூல் மேல் ஏறி விழுந்து வைக்காதே. ஏணியும் இப்போது வீட்டில் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
பட்டறைவாசி


ஜூன் 17

கேள்விப்பட்டவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் கத்தாமல் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். காகிதத்தில் உங்கள் குரல் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்ன விளக்கு நன்றாக இல்லை. மாட்டிய நாளிலிருந்து எரிகிறது, எரிகிறது, எரிந்துகொண்டே இருக்கிறது. முதலில் எரிந்ததும் ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு ஓடினேன். கேரேஜில் யாரும் இல்லை. வந்து உட்கார்ந்தால் இன்னும் அணையாமல் எரிகிறது, மறுபடி ஓடினேன். பள்ளிக்கூடச் சீருடைகள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன. எப்படி மாட்டினாய் என்று கேட்பீர்கள். அளந்து, கோணாமல், நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு மாட்டினேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது.

மெஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்ததில் பழையதெல்லாம் ஞாபகம் வந்தது. அன்று நீங்கள் பின்னால் வந்து தோளைத் தொட்டதும் நான் பதறி, ஊசி விரலில் ஏறிவிட்டது. “திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்களே” என்றேன். அதற்கு நீங்கள் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்படிக்கு,
ஓடி ஓடிக் கால் வலிக்கிறவள்


ஜூன் 22

கால் வலிக்கிறவளுக்கு,

பட்டறையில் பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். இரண்டு விரல் இடமா? அது கதவு, பாவாடை இல்லை. பிற்பாடு பிரித்துவிடலாம் என்று தையலில் துணி விடுகிற கை, காந்தத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. அவ்வளவு தள்ளி இருந்தால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது என்றுதான் சென்சார் நினைக்கும். ஒட்டினாற்போல் நகர்த்து.

எரியும்போதெல்லாம் ஓடினேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் நானும் இரண்டு தரம் படித்தேன்.

வந்தது நான்தான். பட்டறையில் ஏணிக்குப் பஞ்சமில்லை, ஏணிக்காக வரவில்லை. பேசலாம் என்று வருவேன். கேரேஜிலிருந்து பின்னறைக்குப் போகிற உள்கதவு வரைக்கும் வந்து நிற்பேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாய். கூப்பிட்டால் கேட்காது. கேட்கிற மாதிரி கூப்பிட்டால், நீ திரும்புவதற்குள் அது சண்டையாகிவிடும். தோளைத் தொடலாம் என்றால், அந்த ஊசிக்கு அப்புறம் கை போக மாட்டேன் என்கிறது. வந்ததற்கு எதையாவது எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒரு நாள் கீல் கிறீச்சிட்டது, எண்ணெய் போட்டேன்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் உனக்குக் கேட்காமல் போயிருக்கக் கூடாதா என்று தினமும் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
திருடன்


ஜூன் 27

உள்கதவு வரைக்கும் வந்தவருக்கு,

நகர்த்திவிட்டேன். என் ரிமோட்டால் திறந்து மூடிப் பார்த்தேன். திறந்தால் எரிகிறது, மூடினால் அணைகிறது. இப்போது நாள் முழுக்க எரிவதே இல்லை. நான்தான் அதைப் பார்த்துப் பார்த்துத் தையலைக் கோணலாக்கிக்கொண்டிருக்கிறேன்.

மகளோடு போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். காதில் வைக்கிற மெஷினுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். அது வந்தாலும் எல்லாம் கேட்டுவிடாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். விரல் எப்போதோ ஆறிவிட்டது. நகம் மட்டும் கொஞ்சம் கோணலாக முளைத்திருக்கிறது.

நீங்கள் என் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள் என்று படித்ததும் அழுதேன். கோபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலை வருகிறேன். ஏணி, டிரில்லிங் மெஷின், ரிமோட் எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். கதவைத் திறந்து கேரேஜிலேயே நிற்பேன், நீ கூப்பிடாமல் உள்ளே கால் வைக்க மாட்டேன். விளக்கு எரிவதைப் பார்த்தும் நீ எழுந்து வராவிட்டால் எனக்குப் புரிந்துவிடும். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, ரிமோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவேன். இனி மறைந்து வந்து உன் நிம்மதியைக் கெடுக்க மாட்டேன்.

எப்போதும்,
உன் கதவுக்காரன்


ஜூலை 6, ஞாயிறு

ஏணியோடு நிற்கிறவருக்கு,

தபாலில் போட்டால் நீங்கள் கிளம்புவதற்குள் வந்து சேராது என்பதால் இதை உள்கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இதை நீங்கள் படிக்கும்போது என் எதிரே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

நான் எழுந்து வர மாட்டேன். ஓடின வரைக்கும் போதும். மெஷினையே இந்தக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இனிமேல் வருகிறவர் முகம்தான் எனக்கு முதலில் தெரியும். யாரும் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. காதுக்கு மெஷின் இன்னும் வரவில்லை. அதனால் உள்ளே வந்து, முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசுங்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

ஏணியைப் பழைய இடத்தில் சாய்த்து வையுங்கள். உள்கதவில் தாழ்ப்பாள் போடவில்லை. கேரேஜ் கதவு திறந்திருக்கிற வரைக்கும் விளக்கு அணையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண் கூசுகிறது. கதவை மூடிவிடுங்கள்.

உள்ளே இருந்து மூடுங்கள்.

உங்கள் தையல்காரி